நாள் தள்ளிப் போவதற்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

"கர்ப்பம் உறுதியானதும் ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்களே, அதைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே சாப்பிடச் சொல்வது ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

காரணம் நாள் கணக்கு. கருவில் தட்டையாக இருக்கும் செல் அடுக்கின் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகின்றன. மூளையும் தண்டுவடமும் உருவாவது அந்தக் குழாயிலிருந்துதான். கருத்தரித்த 28 நாட்களுக்குள் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு விழும், அல்லது மூளையே முழுதாக உருவாகாது. நாள் தள்ளிப் போய், சந்தேகம் வந்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்துவிடுகிறது.

சரி, ஃபோலிக் அமிலம் அப்படி என்னதான் செய்கிறது? ஒற்றைக் கார்பன் அணுவைச் சுமக்கிறது. ஆர்.என்.ஏ.வில் யுராசில், டி.என்.ஏ.வில் தைமின் என்று பள்ளியில் படித்திருப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். அதற்கான கார்பனை, பெரும்பாலும் செரின் என்ற அமினோ அமிலத்திடமிருந்து வாங்கிக் கொண்டுவந்து சேர்ப்பது ஃபோலேட். மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் உடலுக்குள் போய் மாறும் வடிவம் அது.

ஃபோலேட் குறைந்தால் தைமினுக்குத் தட்டுப்பாடு. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிக்கு யுராசிலும் தைமினும் ஒன்றுபோலத்தான். கிடைத்ததை வைத்துவிட்டுப் போய்விடும். பின்னாலேயே வரும் பழுதுநீக்கும் நொதி, யுராசிலைக் கண்டதும் வெட்டி எறிகிறது. காலியான இடத்தில் வைக்கத் தைமின் இல்லை. மறுபடி யுராசில், மறுபடி வெட்டு. இரண்டு இழைகளிலும் அருகருகே வெட்டு விழுந்தால் டி.என்.ஏ. துண்டாகிவிடும். காப்பாற்ற இருக்கும் ஏற்பாடே கத்தியாக மாறுகிற இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். கருவில் இருப்பவையும் அப்படிப்பட்டவைதான். இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் செல்கள் வளர்கின்றன, ஆனால் பிரிய முடியாமல் பருத்துப் போகின்றன. 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்தது இப்படிப் பெருத்த சிவப்பணுக்கள் கொண்ட சோகையைத்தான். குன்னூரிலும் அவர் ஆய்வு செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குவதை 1931இல் எழுதினார். அதிலிருந்த பொருள் ஃபோலேட் என்று பிறகுதான் தெரிந்தது.

முந்தைய கர்ப்பத்தில் கருவின் அந்தக் குழாய் மூடாத குறையைச் சந்தித்த பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது: ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும், குழந்தை முதுகில் பிளவோடு பிறந்தால் "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?" என்று தாயைக் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. பெற்றவளைக் குற்றவாளியாக்கும் இந்தக் கேள்வியை ஒழிக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்வரை காத்திருக்காமல், திருமணப் பதிவின்போதே அரசு இந்த மாத்திரையைக் கையில் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலையில் ஃபோலேட் நிறைய உண்டு. ஆனால் அது நீரில் கரையும். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு போய்விடும். அதனால் கருத்தரிக்க நினைப்பவர்கள் சாப்பாட்டோடு தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையையும் எடுக்க வேண்டும். முந்தைய கர்ப்பத்தில் குழாய் மூடாத குறையைச் சந்தித்தவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இந்த அளவு போதாமல் போகலாம். அவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. பி12 குறைவால் வரும் சோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், ஆனால் அதே குறைவால் நரம்புக்கு ஏற்படும் சேதம் மட்டும் வெளியே தெரியாமல் தொடரும்.