ஃபவுண்டர் மியூட்டேஷன்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

மார்பகப் புற்றுநோயோ ஓவரி கேன்சரோ பரம்பரையா வர்றதைப் பத்தி எதைப் படிச்சாலும் "அஷ்கெனாசி யூதர்கள்ல 40 பேர்ல ஒருத்தருக்கு பிஆர்சிஏ மியூட்டேஷன் இருக்கு"ன்னு ஒரு வரி வந்துரும், பொதுவா மத்தவங்கள்ல பல நூறு பேர்ல ஒருத்தருக்குத்தான் (அஷ்கெனாசின்னா மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி யூதர்கள்; பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2-ன்னு ரெண்டு மரபணு; மியூட்டேஷன்னா மரபணுவுல வர்ற மாற்றம்). இந்த வித்தியாசத்துக்குக் காரணமா சொல்ற சொல்தான் ஃபவுண்டர் மியூட்டேஷன். அப்படியே பெயர்த்து "நிறுவனர் மாற்றம்"னு போட்டா ஏதோ கம்பெனி ஓனர் மாறிட்டார்ங்கற மாதிரி இருக்கு.

மியூட்டேஷன், மாறுறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் வேர்ல இருந்து வந்தது. ஹ்யூகோ டி விரீஸ்னு நெதர்லாந்து தாவரவியலாளர், ஒரு பூச்செடியில திடீர் திடீர்னு புது வடிவம் வர்றதைப் பாத்து 1901-ல இந்தச் சொல்லைப் பெருசாக்கினார், நம்ம பள்ளிப் புத்தகத்துல இருக்கற "சடுதிமாற்றம்" அந்த திடீரைத்தான் பிடிச்சிருக்கு. ஆனா பரம்பரை கேன்சர் விஷயத்துல சடுதி எங்க இருக்கு? எப்பவோ ஒரு ஆளுக்கு வந்தது, அம்மா வழியாவோ அப்பா வழியாவோ (ஆமா அப்பா வழியாவும்தான், இதை நிறைய பேர் மறந்துடறாங்க) தலைமுறை தலைமுறையா இறங்கி வந்துட்டு இருக்கு.

இலங்கைப் பாடநூல்ல "விகாரம்"னு சொல்றாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். புணர்ச்சி இலக்கணத்துல தோன்றல், திரிதல், கெடுதல்னு மூணு விகாரம் படிச்சோமே, மரபணுவும் ஏ, சி, ஜி, டி-ன்னு நாலு எழுத்துல எழுதினதுதான், அதுலயும் அதே மூணுதான், எழுத்து கூடும், மாறும், விழுந்துரும். பிஆர்சிஏ1-ல வர்ற 185டெல்ஏஜி-ங்கறது ஏ, ஜி ரெண்டு எழுத்து விழுந்த கெடுதல், 5382இன்ஸ்சி-ங்கறது ஒரு சி கூடின தோன்றல் (டெல்னா விழுந்தது, இன்ஸ்னா நுழைஞ்சது, முன்னாடி வர்ற எண் இடத்தைக் காட்டும்). மரபணுவை மூணு மூணு எழுத்தாத்தான் செல் படிக்கும், அதுல ரெண்டு போனா அப்புறம் வர்றதெல்லாம் தப்பாப் படிச்சு புரதம் பாதியிலேயே நின்னுரும், டிஎன்ஏ உடைஞ்சா ஒழுங்கா ஒட்டவைக்கற வேலையைப் பாக்கறதே அந்தப் புரதம்தான். அதனாலதான் பிஆர்சிஏ1-ல கோளாறு உள்ள பெண்களுக்கு 80 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு சுமார் 72 சதவீதம், ஓவரியில சுமார் 44. பிஆர்சிஏ2-ன்னா 69, 17.

இப்ப ஃபவுண்டர். 1942-ல எர்ன்ஸ்ட் மேயர்ங்கற பரிணாம உயிரியலாளர் சொன்ன கருத்து, கொஞ்சம் பேர் பிரிஞ்சு போய் புது கூட்டத்தை உண்டாக்கினா அவங்ககிட்ட இருந்த மரபணுதான் மொத்தக் கூட்டத்துக்கும் பரவும். அஷ்கெனாசி மக்கள்ல நடந்தது அதான், கொஞ்சம் பேர்ல ஆரம்பிச்சு, உள்ளுக்குள்ளயே கல்யாணம் பண்ணி, பின்னாடி வேகமாப் பெருகினாங்க, மேல சொன்ன 185டெல்ஏஜி, 5382இன்ஸ்சி ரெண்டும் பிஆர்சிஏ2-ல 6174டெல்டி-யும் சேர்த்து மூணே மாற்றம்தான் அங்க முக்கியம். ஐஸ்லாந்துல பிஆர்சிஏ2-ல 999டெல்5 ஒண்ணுதான் பெருசு. சொந்தத்துல கட்டினதாலதான் இந்த கேன்சர்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, அது தப்பு, ஒரே ஒரு பழுதான பிரதி இருந்தாலே ரிஸ்க்தான், அம்மா, அப்பா ரெண்டு பக்கத்துல இருந்தும் வரணும்னு இல்ல.

185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்கள்லயும் திரும்பத் திரும்ப கிடைச்சிருக்கு. உடனே "நமக்கும் யூத ரத்தமா"ன்னு கிளம்பிடக் கூடாது. சுத்தி இருக்கற டிஎன்ஏவையும் சேர்த்துப் பாக்கணும், அமெரிக்காவுல கொலராடோவோட சான் லூயிஸ் பள்ளத்தாக்குல இருக்கற ஸ்பானிஷ் வழிக் குடும்பங்கள்ல அந்தப் பின்னணியும் யூதர்களோடதோட ஒத்துப் போச்சு, அதனால ஒரே மூதாதைன்னு சொல்ல முடிஞ்சுது. இந்தியாவுல ஒரு குடும்பத்தை அப்படிப் பாத்தப்ப ஒத்துப் போகல, இங்க தனியா வந்த மாற்றம். எழுத்து விழுந்த இடம் ஒண்ணு, முன்னோர் வேற.

ஆக ஃபவுண்டர்ங்கறதுக்கு "மூதாதை"தான் சரியா உட்காருது. மியூட்டேஷனுக்கு விகாரம் எனக்குப் பிடிச்சாலும் தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுகிட்ட போய் "உங்க மரபணுல விகாரம் இருக்கு"ன்னு சொன்னா அடிக்க வருவாங்க, அசிங்கம்னுதான் காதுல விழும். அதனால விகாரத்துக்குப் பதிலா பிறழ்வுன்னு வெச்சு "மூதாதைப் பிறழ்வு", பொதுவா பரம்பரையா வர்றதுக்கெல்லாம் "மரபுவழிப் பிறழ்வு". இன்னொண்ணு, இப்ப வர்ற லேப் ரிப்போர்ட்ல 185டெல்ஏஜி-ன்னு தேடினா பெரும்பாலும் இருக்காது, அதையே சி.68_69டெல்ஏஜி-ன்னு புது முறையில எழுதியிருப்பாங்க.