ஊடை அறாமலே நிற்கும் தறி

சோமனூரில் விசைத்தறியோடு காலம் தள்ளிய என் பெரியம்மாவிடம் "எங்கே நோவுது?" என்று கேட்டால், "நோவாத எடம் எதுன்னு கேளு கண்ணு" என்பார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாமே சரியாக இருந்தன. "எல்லாம் மனசுலதான்" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நோவைவிட அந்தப் பேச்சுதான் பெரியம்மாவைச் சுட்டது.

உடம்பின் இரு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும், முதுகுத்தண்டை ஒட்டியும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் நோவைப் பரவலான நாள்பட்ட வலி என்கிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியா இந்த வகைதான். தறியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால், அதைத் தொட்டுப் பார்க்கும் சிறு முள் தறியை நிறுத்திவிடும். அந்த முள்ளே மிகையாகக் கூசினால்? நூல் நன்றாக ஓடும்போதே தறி நின்று நின்று போகும். இங்கே முள் என்பது தண்டுவடமும் மூளையும். எக்ஸ்ரே பார்ப்பதோ நூலை மட்டும்.

முள் ஏன் கூசுகிறது என்பதற்கு ஒரு பதில், மன அழுத்தம் மரபணுக்களின் மேல் விட்டுப்போகும் தடம்.

கடன்காரன் வாசலில் நின்றாலும் சரி, பாம்பைக் கண்டாலும் சரி, மூளை உத்தரவிட, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனை விடுகிறது. அது செல்லுக்குள் ஓர் ஏற்பியில் போய் ஒட்டி, பல மரபணுக்களை முடுக்கும். கடைசியில் மூளைக்கே "போதும், நிறுத்து" என்று சொல்வதும் அதே கார்டிசால்தான். முடுக்கப்படும் மரபணுக்களில் ஒன்று எஃப்கேபிபி5. இது உருவாக்கும் புரதம் அந்த ஏற்பியின் மேலேயே உட்கார்ந்து, கார்டிசால் சரியாக ஒட்டாமல் செய்யும். அளவோடு இருந்தால் அது கடிவாளம். மிஞ்சினால் "போதும்" என்ற சொல் மூளைக்குக் கேட்காது; அழுத்தம் அடங்க நேரமாகும்.

மிஞ்சுவது எப்படி? துளையிட்ட அட்டையை வைத்துப் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறி பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும். துளைமேல் காகிதம் ஒட்டினால் எழும்பாது. அட்டை என்னவோ அதேதான். மரபணுவின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழு ஒட்டுவது ஏறக்குறைய அந்தக் காகிதம் மாதிரி. எஃப்கேபிபி5-இன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தோடு பிறந்து, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அந்தக் காகிதம் உரிந்திருப்பதை ஜெர்மனியில் மியூனிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். அப்புறம் சின்ன அழுத்தத்துக்கும் இந்த மரபணு துள்ளி எழும்.

அவர்கள் பார்த்தது மன அதிர்ச்சியின் விளைவுகளை, வலியை அல்ல. வலிக்கு வந்த சான்று 2016-இல். லண்டன் ஆய்வாளர்கள் எலிகளின் தண்டுவடத்தில் மட்டும் இந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட வலியின் கூச்சம் தணிந்தது. சுட்டதும் காலை இழுக்கும் இயல்பான வலியுணர்வு அப்படியே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. நீண்ட வலிக்கும் உடனடி வலிக்கும் தனித்தனி விசை இருக்கிறதே!

ஆனால் எலி எலிதான். இதில் பங்குள்ள மரபணுக்களும் பல. எஃப்கேபிபி5 அவற்றில் ஒன்று. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஒருவருக்கு இந்த வலி வருவதும் வராததுமான வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் பரம்பரையின் கணக்கு. மீதியில் கெட்ட தூக்கத்துக்கும் பங்குண்டு. மெல்ல மெல்லக் கூட்டும் நடைப்பயிற்சியும் ஒழுங்கான உறக்கமும் நோவைக் குறைக்கின்றன என்று பெரியம்மாவிடம் சொன்னேன்.

"நடக்கறேன் கண்ணு. நைட் ஷிப்டுத் தறிச் சத்தம் பக்கத்துச் செவுத்துல கேக்குதே, அதுக்கென்ன பண்ண?" என்றார்.