மடிப்புத் துணியில் சுவர் எழுப்பும்போது

பெரிய நகைக்கடைகளிலும் பட்டு ஷோரூம்களிலும் இப்போது சுவருக்குப் பதில் துணி கேட்கிறார்கள். முகூர்த்த சீசனில் மணப்பெண் வீட்டார் கும்பலாக வந்து உட்கார ஒரு தனியிடம் வேண்டும். சீசன் முடிந்ததும் அதே இடம் திறந்த தளமாக வேண்டும். ஜிப்சம் பலகைக்கு இது ஒத்துவராது, மடிப்புத் துணிக்கு ஒத்துவரும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஆனால் பெரும்பாலான கடைகளில் துணி கடைசியாகத்தான் பேச்சுக்கு வருகிறது. ஃபால்ஸ் சீலிங், லைட், ஏசி எல்லாம் முடிந்த பிறகு, "ஸ்கிரீன்தானே, அப்புறம் மாட்டிக்கலாம்" என்கிறார்கள். சுவரின் வேலையைத் துணியிடம் கொடுப்பதென்றால் முதல் வரைபடத்திலேயே அதற்கு இடம் வேண்டும்.

1927-ல் பெர்லினில் நடந்த பெண்கள் ஆடைக் கண்காட்சியில் ஜெர்மன் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவும் ஒரு காபிக் கடையை இப்படித்தான் அமைத்தார்கள். வளைந்த எஃகுக் குழாய்களிலிருந்து கருப்பு, சிவப்பு, ஆரஞ்சு வெல்வெட்டும், எலுமிச்சை மஞ்சள், தங்கம், வெள்ளி நிறப் பட்டும் தொங்கின. உட்காரும் இடங்களைப் பிரித்தது அந்தத் துணிதான். குழாய்கள் ஒரே உயரத்திலும் இல்லை. இதை நம் கடைக்காரர்களிடம் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது தரையிலிருந்து கூரைவரை ஒரே திரை.

அங்கேதான் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் கருவி) சிக்கல் வருகிறது. கூரையைத் தொடும் துணி தண்ணீர் பரவுவதை மறிக்கும். ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே பொதுவாக 18 அங்குலம் காலியாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 13 விதி. ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டிலைச் சுற்றிய திரையின் மேல்பகுதி மட்டும் வலையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே விழத்தான் அந்த ஏற்பாடு. கடையிலும் அதைச் செய்யலாம், இல்லையென்றால் திரையின் இரு பக்கமும் தனித்தனி ஸ்பிரிங்க்ளர் வைக்கலாம். சீலிங் மூடிய பிறகு இந்த யோசனை வந்தால் செலவு இரட்டிப்பு.

அடுத்தது மடிப்பு நிற்குமா என்பது. பருத்தியிலும் பட்டிலும் அயர்ன் போட்டு எடுத்த மடிப்பு, கடலோர ஈரக் காற்றில் சீக்கிரமே தளர்ந்துவிடும். பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993-ல் கொண்டுவந்த ப்ளீட்ஸ் ப்ளீஸ் ஆடைகளும் அப்படிப்பட்டவைதான். துணியை முதலில் பெரிய அளவில் வெட்டித் தைத்து, காகிதங்களுக்கு நடுவே வைத்து வெப்ப அழுத்தத்தில் மடிப்பெடுத்தார்கள். கடைக்குச் சுத்தப் பட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது, அதை மடிக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது தீயைப் பற்றித்தான். "ஃபயர் ரிட்டார்டன்ட் சார்" (தீத்தடுப்புத் துணி) என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். கையளவு சாம்பிள் வாங்கி, பாதியை அப்படியே வையுங்கள், பாதியைச் சில தடவை துவைத்துக் காயவையுங்கள். வெட்டவெளியில், கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, இடுக்கியில் பிடித்து ஓரத்தில் நெருப்பு காட்டுங்கள். பருத்தி தீ அணைந்த பிறகும் கங்காகக் கனன்று, காகிதம் எரியும் வாடை வரும். சாதாரண பாலியஸ்டர் சுருங்கி உருகி, எரியும் சொட்டுகளாகவே விழலாம். தீத்தடுப்புத் துணியாக இருந்தால் நெருப்பை எடுத்ததும் தானே அணைய வேண்டும். மேலே உப்புக் கரைசல் பூசி மட்டும் விற்கும் துணி இதில் மாட்டிக்கொள்ளும். துவைக்காத துண்டு அணையும், துவைத்த துண்டு எரியும். டிரெவிரா சிஎஸ் போன்ற பாலியஸ்டரில் அந்தத் தன்மை இழையின் மூலக்கூறிலேயே இருப்பதால் துவைத்தாலும் போகாது. இந்தச் சோதனை நம் சந்தேகத்துக்குத்தான். ஆய்வகச் சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை, தட்டையாக இழுத்துக் கட்டிய துணியைவிட நெருக்கமாக மடித்த துணி பேச்சொலியை நன்றாக உறிஞ்சும். சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் பக்கத்துப் பகுதியின் பேச்சு காதில் விழாது என்று வாடிக்கையாளருக்கு உறுதி கொடுக்காதீர்கள். துணி எதிரொலியைக் குறைக்கும், அடுத்த பக்கத்துச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. படுக்கைவசமான மடிப்புகளில் தூசி தங்கும், செங்குத்து மடிப்புகளில் குறைவு.

திரையை ஒதுக்கியதும் ஒன்றாகச் சேரும் துணிக்கட்டு எங்கே நிற்கும் என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். திரை ஓடும் ரயிலின் நீளத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி அங்கே சேரும். அவசர வழிக் கதவின் ஓரம் காலியாகத் தெரிகிறது என்று ஊழியர்கள் அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். ரயில் அந்தக் கதவுக்கு முன்பே முடிந்துவிடட்டும்.