அக்யூட் என்றால் ‘கடுமை’ இல்லை

காலபோக அறுவடைக் காலத்தில் எங்கள் வார்டில் எலிக்காய்ச்சல்காரருக்குக் குறைவிருக்காது. இந்த முறை வந்தவர்களில் ஒருவர் புதுக்குடியிருப்புப் பக்கத்து விவசாயி. சலம் போவது நின்று, இரண்டு தரம் இரத்தம் சுத்திகரித்து, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கிரியேற்றினின் 6.2 இலிருந்து 1.3க்கு இறங்கியபின் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் அவரின் மனைவி டயக்னோசிஸ் கார்டோடு அழுதுகொண்டு வந்து நின்றார்.

“டொக்டர், இவருக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டுதாம். மூத்தவன் கனடாவில இருந்து போனில போட்டுப் பாத்தவன்.”

கார்டில் இருந்தது ‘அக்யூட் கிட்னி இன்ஜுரி’. போன் அதைத் தமிழாக்கிச் சொன்னது ‘கடுமையான சிறுநீரகக் காயம்’. கொழும்பில் காட்டவென்று தாலிக்கொடி அதற்குள் அடகுக்குப் போய்விட்டது.

இதை எத்தனை தரம்தான் சொல்வது? அக்யூட் என்பது காலத்தைச் சொல்கிற சொல். நோய் திடீரென்று, சில மணித்தியாலத்திலோ சில நாளிலோ தொடங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு மோசம் என்று அது சொல்வதில்லை. அதற்கு ‘சிவியர்’ என்று வேறொரு சொல் இருக்கிறது, கடுமை என்ற தமிழ் அதற்குத்தான் சரி. உங்கள் பிள்ளைக்கு வரும் தடிமன்கூட அக்யூட்தான். அதற்காக யாரும் நகையை அடகு வைப்பதில்லையே. ‘தீவிர’ என்று எழுதலாமென்றால், அதைக் கேட்டதும் சனத்துக்கு அதிதீவிர சிகிச்சைப் பிரிவுதான் ஞாபகம் வரும். நான் ‘திடீர்’ என்றே சொல்கிறேன். ‘காயம்’ பற்றிப் பேசத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை வேண்டும்.

அக்யூட் என்றால் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் ஆளையே கொல்லும். நேரத்துக்கு வந்தால் சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பிவிடும், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பயம் குரோனிக் என்ற சொல்லில். அது நாட்பட்டது, சிறுநீரகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த பழுது. நெடுங்கேணிப் பக்கத்து ஐயா ஒருவரின் கொப்பியில் குரோனிக், மூன்றாம் நிலை என்று இருந்தது. “கடுமை எண்டு எழுதேல்லைத் தானே” என்று எட்டு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. வந்தபோது ஐந்தாம் நிலை. அதற்கு மேல் நிலை இல்லை.

கார்டைப் போனில் போடாதீர்கள். வார்டில் நேரே கேளுங்கள்: இது திடீரா நாட்பட்டதா, இப்போது எந்த அளவு, திரும்புமா? நாங்கள் அவசரத்தில் கத்தினாலும் கேளுங்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க, வயலில் இறங்குமுன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற டொக்சிசைக்கிளின் குளிசையைப் போடுங்கள். சிறுநீரகத்தில் பழுது என்று சொல்லப்பட்டவர்கள் நாரி நோவுக்குப் பாமசியில் தாங்களாக டைக்குளோபினாக் என்ற நோக்குளிசையை வாங்க வேண்டாம், அது சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கும், தயவுசெய்து.

போன கிழமை அந்த அம்மா கணவரோடு கிளினிக்குக்கு வந்தார். கிரியேற்றினின் 1.0. கொடி மீண்டாச்சோ என்று கேட்டேன்.

“வட்டி கட்டுறம் டொக்டர்.”