ஸ்டேடியத்தின் கூரையைக் கீழே பிடித்து வைப்பது எது?

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, ட்ராபிகானா ஃபீல்ட் பேஸ்பால் அரங்கின் துணிக்கூரை கந்தலாகிப் போனது. மணிக்கு 115 மைல் காற்றைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட கூரை அது. அன்று அரங்கு இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பதிவான உச்ச வீச்சு 101 மைல் அளவில்தான் இருந்தது. படங்களைப் பார்த்த பலருக்கும் வரும் கேள்வி: கூரையைக் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கலாமே?

கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தம். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்துக்கு 960 பாஸ்கல் வரும். ஒரு சதுர மீட்டரில் 98 கிலோவை ஏற்றி வைத்தது போல. எஃகுச் சட்டமும் தகடும் சேர்ந்த கூரை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். துணிக்கூரையில் துணி மட்டும் ஒன்றிரண்டு கிலோதான். கனத்தை நம்பி இந்தக் காற்றோடு மோத முடியாது.

இனிமேல்தான் சுவையான இடம். பார்வையாளர் மாடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கேன்டிலீவர் கூரைக்கு ஆடுகளத்தின் பக்கம் தூணே இல்லை. காற்று அந்தத் திறந்த விளிம்பை நோக்கி வரும்போது இரண்டாகப் பிரிகிறது. கீழே போகும் பங்கு இருக்கைப் படிகளுக்கும் பின்சுவருக்கும் நடுவே சிக்கி, வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து முட்டுகிறது. மேலே போகும் பங்கால் விளிம்பின் கூர்மையான முனையில் திரும்ப முடிவதில்லை. பரப்பை விட்டு விலகிப் பறக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு சுழல் உருண்டு உட்கார்ந்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அடியில் தள்ளல், மேலே இழுப்பு, இரண்டும் ஒரே திசையில். குடை ஏன் எப்போதும் மேல்நோக்கியே புரண்டு மடங்குகிறது என்பதற்கும் இதுவே விடை. காற்று மூலையில் சாய்வாக வந்தால் இன்னும் மோசம்: அங்கே கூம்பு வடிவில் இரட்டைச் சுழல்கள் எழும், உறிஞ்சல் சராசரியைப் போலப் பல மடங்காகும்.

30 மீட்டர் நீட்டிய கூரையில் 10 மீட்டர் அகலத் துண்டை எடுத்தால் பரப்பு 300 சதுர மீட்டர். மேல் கணக்கின் அழுத்தம் முழுவதும் பட்டால் 29 டன் மேலே தூக்குகிறது. எடை 12 டன் கீழே இழுக்கிறது. மீதி 17 டன். இந்தக் கூரையை மாடத்தின் பின்பக்கம் இரண்டு வரிசைத் தூண்கள் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். அமைதியான நாளில் முன்தூண் நசுங்கலிலும் பின்தூண் இழுவிசையிலும் இருக்கும். புயலில் இரண்டும் இடம் மாறும். இழுவைக்கென்று மெல்லியதாகப் போட்ட பின்தூண் நசுங்கலுக்கு வந்தால் வில்லாக வளைந்துவிடும். முன்தூணின் அடி போல்ட்டுகளோ அஸ்திவாரத்தோடு சேர்த்து மேலே பிடுங்கப்படும். அதனால்தான் பல நாட்டு விதிகளில், எடை நமக்கு உதவும் கணக்குகளில் அதை 0.9 ஆல் பெருக்கிக் குறைத்தே எடுக்கச் சொல்கிறார்கள். எடையைத் தாராளமாக மதிப்பிடுவது இங்கே ஆபத்து.

சுழலையே கெடுக்க ஓர் அழகான வழி உண்டு. முன்விளிம்பை ஒட்டி நீள வாக்கில் ஒரு பிளவு விடுவது. கீழே அழுத்தத்தில் அடைபட்ட காற்று பிளவு வழியே மேலே பீறிட்டு, சுழல் உருளும் இடத்துக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. எதிரியின் காற்றை வைத்தே எதிரியை அடிப்பது! ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 1980களில் நடந்த காற்றுச் சுரங்கச் சோதனைகள் (நீண்ட கூடத்தில் காற்றை ஊதி, சிறிய மாதிரிகளைச் சோதிப்பது) இதன் பலனைக் காட்டின. பிளவு வழியே மழை சொட்டும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. விளிம்புக்கு அடியில் எப்படியும் நனையாமல் உட்கார முடியாது.

காற்றுச் சுரங்கத்தில் 1:300 மாதிரியைச் சுழல்மேடையில் வைத்து, 10 பாகைக்கு ஒன்றாக 36 திசைகளில் சோதிப்பார்கள். சுற்றியுள்ள கட்டடங்களும் மாதிரியில் இருக்க வேண்டும். கூரையின் மேலும் கீழும் நேருக்கு நேராக நூற்றுக்கணக்கான நுண்துளைகள். எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் அழுத்தத்தைப் பதிய வேண்டும், ஏனெனில் உச்சம் எல்லா இடத்திலும் ஒன்றாக வராது. வேகம் நிஜத்தில் மூன்றில் ஒன்று என்றால் காலம் நூறு மடங்கு விரையும்: 10 நிமிடப் புயல் 6 நொடியில் முடிந்துவிடும். நுண்துளைகளிலிருந்து அழுத்தமானிக்குப் போகும் குழாய்களை உள்ளே நுழைக்கக் கூரை மாதிரியைத் தடிமனாக்கினால் விளிம்பு மழுங்கி, காற்று பிரியும் இடமே மாறிவிடும். வளைந்த கூரைகளில் இந்தத் தொல்லை அதிகம், அங்கே பிரியும் இடம் வேகத்தைப் பொறுத்தும் நகரும்.

எரிச்சலான விஷயம்: கட்டி முடித்த கூரையில் அழுத்தமானிகளைப் பொருத்தி மாதிரி சொன்னது சரியா என்று பார்க்க யாரும் எளிதில் பணம் தருவதில்லை. சுரங்க முடிவுகளும் பெரும்பாலும் உரிமையாளரின் அலமாரியில் தூங்குகின்றன.

அந்த மாதிரியில் கூரைத் துணி எப்போதும் புத்தம் புதிது. ட்ராபிகானா ஃபீல்ட் திறந்தது 1990இல். எந்தத் துணிக்கூரையிலும் வெயிலும் மழையும் இழைகளைத் தளர்த்தும். தொய்ந்த துணி படபடத்து, பிடிப்பு விளிம்பில் கிழியத் தொடங்கும். காற்று வரும் பக்கத்தில் ஒரு பலகம் கிழிந்தால் போதும், மூடிய அரங்குக்குள் காற்று நிரம்பி, மிச்சமிருக்கும் பலகங்களை உள்ளிருந்து முட்டும். வெளியே காற்றின் வேகம் கூடாமலே அவற்றின் சுமை கூடிவிடும்.