ரெகுலேஷன்: பியானோ வேலைல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், தமிழ்ல எப்படி சொல்லலாம்

பியானோ ரிப்பேர் பண்றவங்க பேச்சை கொஞ்ச நேரம் கேட்டா மூணு வார்த்தை மாத்தி மாத்தி காதுல விழும், டியூனிங், ரெகுலேஷன், வாய்சிங். டியூனிங் எல்லாருக்கும் தெரியும். ரெகுலேஷன்னா அதுவும் டியூனிங்ல ஒரு பகுதின்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். என் பியானோல மெதுவா அமுக்கினா சில கீ சத்தமே குடுக்காது, ஒரே கீயை வேகமா தட்டினா ரெண்டாவது அடி விழாது, டியூன் பண்ண வந்தவர்கிட்ட "சுருதி விட்டுப்போச்சு போல சார், பாருங்க"ன்னு சொன்னேன், அவர் நாலஞ்சு கீயை அமுக்கிப் பார்த்துட்டு "சுருதி நல்லாத்தான் இருக்கு தம்பி, ரெகுலேஷன்தான் போயிருக்கு"ன்னார். அன்னைக்குத்தான் இந்த வார்த்தையை துருவ ஆரம்பிச்சேன்.

முதல்ல விஷயத்தை சொல்லிடறேன். டியூனிங் கம்பியோட சமாச்சாரம். பியானோல சுமார் 230 கம்பி இருக்கு, ஒவ்வொண்ணையும் முறுக்கி சரியான சுருதிக்கு கொண்டு வரணும். ரெகுலேஷன் கம்பியைத் தொடவே தொடாது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்குற மர எந்திரம் இருக்கே, ஆக்‌ஷன்னு சொல்லுவாங்க, அதோட வேலை. 88 கீ, ஒவ்வொரு கீக்கும் பின்னாடி ஒரு நெம்புகோல் கூட்டம், கடைசில ஃபெல்ட், அதாவது அமுக்கின கம்பளித் துணி, சுத்தின ஒரு சுத்தியல். இது 88-ம் ஒரே மாதிரி அசையணும், விரல் எவ்வளவு ஆழம் போகுது, சுத்தியல் எங்க இருந்து கிளம்புது, எங்க விடுபடுது, திரும்பி வர்றப்ப எங்க பிடிபடுதுன்னு ஒவ்வொண்ணையும் அளந்து சமன் பண்றதுக்குத்தான் ரெகுலேஷன்னு பேர்.

இப்ப வார்த்தைக்கு வருவோம். இது லத்தீன்ல இருந்து வந்தது, மூலச்சொல் ரெகுலா. அர்த்தம் என்னன்னா நேரான குச்சி, அளவுக்கோல், அவ்வளவுதான். நேரா செலுத்துறது, வழி நடத்துறதுன்னு பொருள் தர்ற ரெகெரேங்கற வினையில இருந்து பிறந்தது. சட்டம், விதிங்கற அர்த்தமெல்லாம் அந்தக் குச்சியை வச்சு பின்னாடி ஏறினது. நாம தினமும் சொல்ற ரூல் போட்ட நோட்டு, ரெகுலர், ரெகுலேட்டர் எல்லாம் இதே குடும்பம். ரயில் கூடத்தான்! ரெகுலா பழைய பிரெஞ்சுல தேஞ்சு நீளக் கட்டை, கம்பிங்கற அர்த்தத்துல இங்கிலீஷுக்குப் போய் ரெயில் ஆச்சு, தண்டவாளத்துக்குப் பேராகி கடைசில நம்ம வாயில வண்டிக்கே பேராயிடுச்சு. பியானோக்குள்ளயும் அந்த ரெயில் உண்டு, கீ எல்லாம் ஊசலாடுற நடுக்கட்டைக்கு பேலன்ஸ் ரெயில், முன்கட்டைக்கு ஃப்ரண்ட் ரெயில். ஆக ரெகுலேஷன் பண்றவர் ரெயில் மேல கை வச்சு வேலை பார்க்கும்போது ஒரே வேர்ல இருந்து வந்த ரெண்டு சொல்லையும் ஒண்ணா தொட்டுக்கிட்டு இருக்கார்.

இதைவிட எனக்குப் பிடிச்சது என்னன்னா, இந்த வேலைல முதல்ல கையில எடுக்கறதே ஒரு நேரான கோல்தான். கீ எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கான்னு பார்க்க நீளமான கோலை கீ மேல வச்சு இடைவெளி தெரியுதான்னு பார்ப்பாங்க. தாழ்ந்திருக்குற கீயைத் தூக்கி எடுத்து, பேலன்ஸ் ரெயில்ல இருக்குற ஃபெல்ட் வட்டத்துக்கு அடியில மெல்லிசா ஒரு பேப்பர் வட்டம் சொருகுவாங்க. அங்க ஏத்துற உயரம் கீயோட முன்பக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா தெரியும், அதனால சிகரெட் தாள் தடிமன்ல இருக்குற பேப்பருக்கும் அங்க மதிப்பு உண்டு. ரெகுலாங்கற லத்தீன் குச்சி அப்படியே இன்னும் பியானோ மேல கிடக்குது.

நம்ம மொழிலயும் இதே படம் இருக்குங்கறதுதான் அழகு. தச்சர் மரத்தோட கோணலை எடுக்க நூல் பிடிப்பார், அறிவு சொல்ற புத்தகத்துக்கும் நூல்னுதான் பேர், மரத்தோட கோட்டத்தை நூல் தீர்க்கற மாதிரி மனசோட கோட்டத்தை இந்த நூல் தீர்க்கும்னு நன்னூல் ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசுது. அங்க குச்சி விதியாச்சு, இங்க கயிறு புத்தகமாச்சு. தச்சர் பேச்சுல நூல் ஒரு அளவும்கூட, ஒரு நூல்னா இன்ச்ல எட்டுல ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வேணும்.

சரி, தமிழ்ச்சொல் எது? அகராதியைப் பார்த்தா, இல்ல மெஷின்ல மொழிபெயர்த்தா ஒழுங்குமுறைன்னு வரும். பியானோ ஒழுங்குமுறைக் கருவிகள்னு படிச்சா ஏதோ அரசாணை மாதிரி இருக்கு, மரத்தைத் தொட்டு செய்யற வேலை கண்ணுக்கு வரவே இல்ல. கட்டுப்பாடு அதைவிட மோசம். சீரமைப்புன்னு சிலர் எழுதறாங்க, ஆனா அது உடைஞ்சதை, பாழானதை திரும்பக் கட்டுற மாதிரி, புது பியானோக்குக்கூட ரெகுலேஷன் வேணுமே, அங்க எதுவும் பாழாகலையே. சுருதி சேர்த்தல்னு எழுதினா சுத்தத் தப்பு, அது டியூனிங்.

நான் சொல்றது செப்பம். செப்பம்னா நேர்மை, நேரான தன்மை, நேர்வழி. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்துல செப்பம் உடையவன்னு சொல்றது ஒரு பக்கம் சாயாதவனைத்தான். ரோட்டை செப்பனிட்டாங்கன்னு சொல்றோமே, மேடு பள்ளம் எடுத்து மட்டமாக்கறது, அதுவும் இதே சொல்தான். ரெகுலாவோட நேர்க்கோல், மட்டம், நெறி மூணும் இந்த ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. செப்பனிடுன்னு வினையா சொன்னா ரிப்பேர் வாடை கொஞ்சம் அடிக்கும், அதனால செப்பம் பார்க்கறது, செப்பக் கருவின்னு பெயர்ச்சொல்லா வச்சுக்கறதுதான் எனக்கு சரியாப் படுது. ரிப்பேருக்கு பழுது பார்த்தல்னு ஏற்கனவே நல்ல சொல் இருக்கு, அதை அதுக்கே விட்டுடலாம்.

இனி கருவிகள். கீ எவ்வளவு ஆழம் போகுதுன்னு பார்க்க ஒரு சின்ன அளவுக் கட்டை, பொதுவா 10 மில்லிமீட்டர் கிட்ட, பியானோவைப் பொறுத்து கொஞ்சம் மாறும். கீயோட பின்பக்கம் கேப்ஸ்டன்னு ஒரு ஸ்க்ரூ நிக்கும், அதை ஏத்தி இறக்கினா சுத்தியல் கம்பிக்கு கிட்ட வரும், தள்ளிப் போகும், கிராண்ட் பியானோல இந்த தூரம் சுமாரா 45 மில்லிமீட்டர். கேப்ஸ்டன் கப்பல் சொல். நங்கூரக் கயிறு சுத்துற உருளையோட தலையில ஓட்டை இருக்கும், அதுல கட்டையைச் சொருகி மாலுமிங்க சுத்துவாங்க, இந்த ஸ்க்ரூ தலையிலயும் நாலு பக்கம் ஓட்டை, மெல்லிய கம்பி முனையுள்ள கருவியை சொருகி திருப்பணும், அதான் அந்தப் பேர். துளைத்தலைத் திருகுன்னு சொன்னா பார்த்தவங்களுக்கு உடனே புரியும்.

மழைக்காலத்துல கீ ஒட்டிக்கும், மரமும் ஃபெல்ட்டும் ஈரம் குடிச்சு ஊதிக்கறதால. அதுக்கு ஒரு குறடு உண்டு, ஒரு தாடை அகலமா இருக்கும், கீயை நேரா நிறுத்துற ஊசி நுழையற துளையோட பக்கத்தை மெதுவா அமுக்கி இடம் பண்ணிக் குடுக்கும். தளர்த்துக் குறடுன்னு சொல்லலாம். இதுல அவசரப்பட்டு அழுத்தினா துளை தளர்ந்து கீ கடகடன்னு ஆடும், திரும்ப ஃபெல்ட் ஒட்டணும், அதனால தயவுசெஞ்சு சாதா குறடு எடுக்காதீங்க. திரும்பி வர்ற சுத்தியலைப் பிடிக்கிற பேக்செக்கோட கம்பியை வளைக்க ஒரு கருவி, வில்லு மாதிரி இருக்குற ஸ்ப்ரிங்கை இழுத்துவிட ஒரு கொக்கி. அந்த ஸ்ப்ரிங் சாதாரண விஷயம் இல்ல, கீ முழுசா மேல வராம இருக்கும்போதே அடுத்த அடி விழறதுக்காக பியானோ தயாரிச்ச செபாஸ்டியன் எரார் உருவாக்கி 1821-ல பேட்டன்ட் ஆன அமைப்போட உயிரே அதுதான், என் பியானோல ரெண்டாவது அடி விழாம போனது அதோட தளர்ச்சியாலதான். இதுல ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு நகரும், ஆழத்தை மாத்தினா விடுபடுற இடம் மாறும், அதனால ஒரே சுத்துல முடியாது, ரெண்டு மூணு தடவை திரும்ப வரணும்.

கம்பி சுத்தின ஆணியைத் திருப்பி சுருதி சேர்க்கற டியூனிங் ஹாமர், கருவிப் பெட்டியில கூடவே இருந்தாலும் செப்பக் கருவி இல்ல. பழைய காலத்துல அதோட தலையாலயே கம்பி ஆணியை தட்டி இறக்கவும் செஞ்சாங்க, அதனால ஹாமர்ங்கற பேர் ஒட்டிக்கிச்சு. தமிழ்ல யாழ் நரம்பை இழுத்து முறுக்குற கருவிக்கு மாடகம்னு சொல் இருக்கு, அதை இங்க தாராளமா எடுத்துக்கலாம். சுத்தியல் ஃபெல்ட்டை குத்துற ஊசியும் வேற வேலை, அது வாய்சிங், நாதம் திருத்தறது.

கடைசியா எனக்கு ரொம்ப முக்கியமா தோணுற ஒரு சொல், லெட் ஆஃப், எஸ்கேப்மென்ட்னும் சொல்லுவாங்க. சுத்தியல் கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி, கிட்டத்தட்ட 1.5 மில்லிமீட்டர்ல, அதாவது தச்சர் கணக்குல அரை நூல்ல, அடியில இருந்து அதைத் தள்ளிக்கிட்டு இருந்த ஜாக்ங்கற சின்ன மரத்துண்டு விலகிடணும். மிச்ச தூரத்தை சுத்தியல் தானா பறந்து போய் அடிக்கும். விலகலைன்னா சுத்தியல் கம்பி மேலயே ஒட்டி நிக்கும், சத்தம் செத்துடும். ரொம்ப முன்னாடியே விலகிட்டா மெதுவா வாசிக்கற ஸ்வரம் வராமலே போகும். 1700 வாக்குல ஃப்ளாரன்ஸ்ல கிறிஸ்தோஃபோரி பண்ணின முதல் பியானோலயே இந்த ஏற்பாடு இருந்துச்சு. எஸ்கேப்ங்கற சொல்லோட வேர்ல இருக்குறது, போட்டிருந்த மேலங்கியை விட்டுட்டு ஓடறதுங்கற படம். தப்பித்தல்னு மொழிபெயர்த்தா ஜாக் ஏதோ குற்றவாளி மாதிரி ஆயிடும். நான் நழுவல்னு சொல்லிக்கறேன், தோள்ல இருந்து துண்டு நழுவிச்சுன்னு சொல்றோமே அந்த நழுவல், ஜாக்கும் அப்படித்தான் சத்தமில்லாம விலகுது.