கார்டனா, காலின்ஸா: ஒரே மாதிரி இரண்டு ஃபார்வர்டுகளை எடைபோடுவது எப்படி?

2021 மார்ச் 25, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் அந்த சீசனின் டிரேடுக்கு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கு, கடைசி நாள். அதற்கு முந்தைய வாரங்களில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபட்டன. ஒருவர் ஆர்லாண்டோ மேஜிக் அணியின் ஆரன் கார்டன்: வயது 25, உயரம் 6 அடி 8 அங்குலம். இன்னொருவர் அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் ஜான் காலின்ஸ்: வயது 23, உயரம் 6 அடி 9 அங்குலம். இருவரும் பவர் ஃபார்வர்டு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் பலமான ஆள். இருவரும் ஓடிவந்து எம்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தைத் திணிப்பதில் பேர் வாங்கியவர்கள்.

தாளில் மட்டும் பார்த்தால் காலின்ஸ்தான் மேல். 2019-20 சீசனில் ஆட்டத்துக்கு 21.6 புள்ளி, 10.1 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தவர். கார்டன் 2020-21 சீசனில் ஆர்லாண்டோவுக்கு எடுத்துக்கொண்டிருந்தது 14.6 புள்ளி. காலின்ஸுக்கு இரண்டு வயது குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால் டென்வர் நகெட்ஸ் கார்டனை வாங்கியது. கேரி ஹாரிஸ், ஆர்.ஜே. ஹாம்டன் என்ற இரு வீரர்களையும், வருங்கால டிராஃப்டின் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் கொடுத்து வாங்கியது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் மூன்று புள்ளி ஷாட், அதாவது தூரத்துக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிவது. கார்டன் அந்த சீசனில் ஆர்லாண்டோவுக்கு ஆடிய 25 ஆட்டங்களில் 37.5 சதவீதம் போட்டிருந்தார். முந்தைய சீசனில் 30.8. மூன்று மாதத்தில் கை திருந்திவிட்டதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையான திறமை 35 சதவீதம் உள்ள ஒருவர் 100 ஷாட் எறிகிறார். வெறும் தற்செயலால் மட்டுமே அந்த எண் 5 சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ போவது சகஜம். அதாவது 30 என்றும் வரலாம், 40 என்றும் வரலாம், ஆள் மாறவே இல்லை. 400 ஷாட் எறிந்தால் இந்தத் தடுமாற்றம் பாதியாகும். நான்கு மடங்கு ஷாட்டுக்குப் பாதித் தடுமாற்றம், அவ்வளவுதான் குறையும். ஒரு சீசனில் ஒரு ஃபார்வர்டு எறிவதே 200, 300 ஷாட் என்னும்போது, ஒற்றை சீசன் சதவீதத்தை நம்பி யாரையும் வாங்க முடியாது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஃப்ரீ த்ரோவையும் (எதிரணி ஃபவுல் செய்தால் தனியே நின்று எறியக் கிடைக்கும் ஷாட்) சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே தூரம், எதிரே கைநீட்ட யாரும் இல்லை, அவசரம் இல்லை. கையின் சுத்தம் மட்டும் அங்கே தெரியும். காலின்ஸ் ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்தை ஒட்டிப் போடுபவர், கார்டன் 70-ஐ ஒட்டி. காலின்ஸின் மூன்று புள்ளி ஷாட்டும் தொடர்ந்து இரண்டு சீசன் 40 சதவீதத்தையொட்டி நின்றது. பந்தை எறிவதில் காலின்ஸ்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலின்ஸின் கூடைகளில் நிறைய, டிரே யங் என்ற அருமையான பாஸர் தூக்கிப்போட்டவை. கார்டனோ ஆர்லாண்டோவில் தானே பந்தைத் தட்டிக்கொண்டு போய், தானே வழி உண்டாக்கி எறிய வேண்டியிருந்தது. அது அவருக்கு வராத வேலை. எனவே அவர் எண்களில் ஒரு கடினமான வேலையின் சுமை கலந்திருந்தது. டென்வரில் பாஸ் கொடுக்க நிகோலா யோகிச் இருந்தார். கார்டன் வெட்டி ஓடினால் போதும், பந்து கைக்கு வரும். அதே 2020-21 சீசனில் இரண்டு அணிக்கும் சரியாக 25 ஆட்டம் ஆடினார். ஆர்லாண்டோவில் எறிந்ததில் 43.7 சதவீதம் கூடையில் விழுந்தது. டென்வரில் 50 சதவீதம். புள்ளிச் சராசரி 14.6-லிருந்து 10.2-க்கு இறங்கியது. ஆனாலும் நல்ல ஆட்டக்காரர் ஆனார். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

அப்புறம் டிஃபன்ஸ், அதாவது எதிரணியைத் தடுப்பது. அளக்க மிகக் கடினமானது இதுதான். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னே போகிறது என்று கணக்கிடலாம், ஆனால் களத்தில் அவரோடு இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் எப்போதும் ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் சேர்த்தே வாங்கி, மொத்தத் தொகையை மட்டும் எழுதி வைத்திருந்தால் அரிசி என்ன விலை என்று சொல்ல முடியாது. அரிசியை மட்டும் சில நாள் ஒரு கிலோ, சில நாள் இரண்டு கிலோ என்று மாற்றி வாங்கினால்தான் பிரித்துச் சொல்லலாம். சரிக்கட்டிய பிளஸ்-மைனஸ் கணக்கு செய்வது இதைத்தான்: ஆயிரக்கணக்கான கலவைகளிலிருந்து ஒவ்வொருவரின் பங்கையும் பிரிக்கப் பார்ப்பது. எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவரைப் பிரிக்கத் திணறும். இதோடு, 2013-14 சீசன் முதல் எல்லா என்பிஏ அரங்குகளிலும் கூரையில் கேமராக்கள் வந்துவிட்டன. நொடிக்கு 25 முறை ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைப் பதிந்தன. யார் யாரைக் காத்தார் என்பது தெரிந்தது.

டென்வருக்கு வேண்டியது துல்லியமாக அந்த விஷயம். 2020 பிளேஆஃபில் (பட்டத்துக்கான கடைசிக்கட்டத் தொடர்) எதிரணியின் பெரிய நட்சத்திரங்களை மறித்த ஜெராமி கிராண்ட் அந்த ஆண்டே டெட்ராய்டுக்குப் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. கனமான, வேகமான ஃபார்வர்டுகளை ஒற்றையாய் மறிப்பதில் கார்டன் காலின்ஸைவிடத் தேர்ந்தவர்.

கடைசியில் ஒப்பந்தம். அட்லாண்டாவில் காலின்ஸின் சம்பளம் சுமார் 41 லட்சம் டாலர். மலிவுதான், ஆனால் அந்தக் கோடையில் அது முடிகிறது. வாங்கும் அணி சில மாதத்திலேயே பெரும் தொகையை நீட்ட வேண்டும். கார்டனுக்கு இன்னும் ஒரு சீசன் மிச்சம் இருந்தது, அதிலும் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் ஒப்பந்தம். பிறகு நடந்தது: காலின்ஸ் அட்லாண்டாவிலேயே 5 ஆண்டுக்கு 12.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். கார்டன் டென்வரில் 4 ஆண்டுக்கு சுமார் 9.2 கோடிக்கு நீட்டித்தார். ஆண்டுக் கணக்கில் விலை கிட்டத்தட்ட ஒன்றேதான்.

காலின்ஸுக்கு அடுத்து வந்தது கஷ்டகாலம். 2022-ல் பந்தை எறியும் கையின் விரலில் காயம். 2022-23-ல் அவரது மூன்று புள்ளி ஷாட் 29.2 சதவீதத்துக்கு விழுந்தது. 2023 கோடையில் ரூடி கேயையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் மட்டும் வாங்கிக்கொண்டு அட்லாண்டா அவரை யூட்டாவுக்கு அனுப்பியது. யூட்டாவில் அடுத்த சீசனே 37 சதவீதம், அதற்கடுத்த சீசனில் 40-ஐ ஒட்டி. கை போகவே இல்லை. அந்த ஒரு சீசனைப் பார்த்து அவரைத் தள்ளியது தவறு என்றே நினைக்கிறேன்.

கார்டன் 2023-ல் சாம்பியன். மயாமிக்கு எதிரான இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார். 15 ஷாட்டில் 11 விழுந்தது. 2025 ஏப்ரல் 26, கிளிப்பர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம்: 99-99. கடைசி நொடியில் யோகிச் எறிந்த பந்து வளையத்துக்குக் குறைவாகப் போனது. கூடையருகே ஓடிவந்திருந்த கார்டன் அதை அந்தரத்திலேயே பிடித்து, கடிகாரம் பூஜ்யமாவதற்குள் உள்ளே திணித்தார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்த பிறகே ஆட்டம் முடிந்தது: 101-99.